குளிர்ச்சி சப்-கமிட்டி

செம்பூரில் இருந்த அந்த அரசாங்க ஆலையில் எதையும் சும்மா செய்துவிட மாட்டார்கள். கமிட்டி போட்டுத்தான் செய்வார்கள். இரண்டாவது மாடிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்க ஒரு கமிட்டி போட்டார்கள். தாழ்ப்பாள் இன்னும் வந்தபாடில்லை. கமிட்டி நன்றாக இருக்கிறது. அதன் தலைவர் ரிடையர் ஆனபோது பொன்னாடை போர்த்திப் பாராட்டினார்கள். உள்ளே போகிறவர்கள் சத்தமாகப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அந்த ஆலையின் கேன்டீனில் சுயம்பு டெம்பரரி. கல்யாணத்துக்கு முன்னால் டெம்பரரியாகச் சேர்ந்தவன், கல்யாணமாகி, தலையில் நாலு முடி நரைத்து, இப்போதும் டெம்பரரி. வருஷத்தில் சில நாள் 'பிரேக்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். திரும்பி வந்தால் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆலையில் எந்தப் பைப் எங்கே ஒழுகும் என்று தெரிந்த புது ஆள் அவன் ஒருவன்தான்.

பெர்மனெண்ட் ஆனால் என்ன கிடைக்கும் என்று கேட்டால் சுயம்பு சம்பளத்தைச் சொல்ல மாட்டான், ரூமைச் சொல்லுவான். தேவ்நாரில் ஆலைக்கு ஒரு காலனி உண்டு. அங்கே கீழ்த்தளத்தில் ஒரு ரூம் பூட்டியே கிடந்தது. ஒரே ரூம்தான், ஆனால் குழாய் உள்ளேயே இருந்தது. தாராவியில் அவன் சம்சாரம் ஆறுமுகத்தாய் விடியுமுன்னே குடத்தைத் தூக்கிக்கொண்டு பொதுக்குழாய்க்குப் போக வேண்டும். போன மழைக்காலத்தில் வரிசையில் நடந்த தள்ளுமுள்ளில் வழுக்கி விழுந்து, வயிற்றில் இருந்த பிள்ளை போய்விட்டது. மறுவாரம் அவளே போய் அதே வரிசையில் நின்றாள். தண்ணீர் வேண்டாமா? இப்போது மறுபடியும் மாசமாக இருந்தாள். அவன் ராத்திரி ஷிப்டில் இருக்கும் நாளெல்லாம் அவள்தான் குடம் எடுக்க வேண்டியிருந்தது. கேன்டீனில் டீ ஆற்றும்போதெல்லாம் சுயம்புவுக்கு அந்தக் குழாயடி ஞாபகம்தான்.

இனி கேம்ப்புக்கு வருவோம். ஆலையின் மனமகிழ் மன்றம் வருஷந்தோறும் மே மாதம் கர்ஜத் பக்கம் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்கும். அதற்கு 'தொழிலாளர் இளைஞர் முகாம்' என்று பெயர். தொழிலாளர் யாரும் போவதில்லை, சமைக்கிறவர்களைத் தவிர. இளைஞர் என்று பார்த்தால், போன வருஷம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு முட்டுவலி. அப்படிப் போன வருஷம்தான் ஜெனரல் மேனேஜர் குல்கர்னி சாப் ஒரு கிளாஸ் எலுமிச்சை ஜூஸை வாயில் வைத்துவிட்டு, "கொஞ்சம் ஜில்லென்று இருக்கக்கூடாதா?" என்றார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு இடமாக இருந்தால் யாராவது ஐஸ் வாங்கியிருப்பார்கள். இங்கே குளிர்ச்சி சப்-கமிட்டி பிறந்தது.

தலைவர் வேங்கடசுப்ரமணியன், வெல்ஃபேர் ஆபீசர், மாட்டுங்காவாசி. கணக்குப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள அக்கவுண்ட்ஸ் ஆபீசர் அனந்தநாராயணன். அவரும் மாட்டுங்காதான், ஒரே பில்டிங். தினமும் ஒரே ரயிலில் வந்து ஒரே ரயிலில் போவார்கள், ஆனால் பேச வேண்டியதை மெமோ எழுதித்தான் பேசிக்கொள்வார்கள். கமிட்டியின் முன்னால் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: முகாமுக்குக் கையோடு எடுத்துப்போகும் சின்ன ஃப்ரிட்ஜ் வாங்குவதா, அல்லது மீன்காரர்கள் வைத்திருப்பது மாதிரி ஒரு பெட்டி வாங்கி ஐஸ் நிரப்பிக்கொண்டு போவதா.

முதல் கூட்டத்துக்குச் சுயம்பு டீ கொண்டு போனான். டீயை வைத்துவிட்டுத் திரும்பியவனை வேங்கடசுப்ரமணியன் கூப்பிட்டார்.

"நில்லுப்பா. ரூல்படி ஒரு தொழிலாளர் பிரதிநிதி வேணும். நீ இரு."

சுயம்பு நாற்காலியைப் பார்த்தான்.

"உக்காராதே. நின்னுண்டே பிரதிநிதியா இரு. கேம்ப்ல கூலிங் டியூட்டி உனக்குத்தான். நல்லபடியா முடிச்சுக் குடு, உன் பெர்மனெண்ட் ஃபைலை நானே ஜி.எம். கிட்டக் கொண்டுபோறேன். தேவ்நார்ல அந்த ரூம் காலியாத்தானே கிடக்கு."

சுயம்பு காலித் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "சரி சார்" என்றான்.

"ஃப்ரிட்ஜா ஐஸாங்கறது அப்புறம்" என்று வேங்கடசுப்ரமணியன் ஆரம்பித்தார். "மொதல்ல குளிர்ச்சின்னா என்னன்னு நமக்குள்ளே ஒரு தெளிவு வேணுமோல்லியோ? எனக்கு ஜில்லுனு இருக்கறது ஜி.எம்.முக்கு வெதவெதன்னு இருக்கலாம். கிரேடுக்குத் தகுந்தாப்போல மாறும்."

அதை ஒட்டி மதியம் வரை பேசி முடிவெடுத்தார்கள். ஜி.எம்.முக்குக் கொடுப்பது பல் கூச வேண்டும். ஆபீசர்களுக்குத் தொண்டைக்கு இதமாக இருந்தால் போதும். ஊழியர்களுக்குச் சுடாமல் இருந்தால் சரி. தொழிலாளர் பிரதிநிதியின் கருத்து என்ன என்று கேட்டார்கள். சுயம்பு, "எல்லாத்துக்கும் ஒரே ஐஸத்தான சார் போடப்போறோம்" என்றான். அவனுடைய கருத்து மரியாதையாகக் கேட்டுக்கொள்ளப்பட்டது என்று குறித்துக்கொண்டு எழுந்தார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் ஐஸுக்குப் பரீட்சை. செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் கரும்புஜூஸ் வண்டிகளுக்கு ஐஸ் போடுகிறவனிடம் ஒரு பாளம் வாங்கிவந்து, ட்ரேயில் வைத்து, மேஜை நடுவே நிறுத்தினார்கள். கூட்டம் முறைப்படி நடந்தது. கடவுள் வாழ்த்து பாடினார்கள். தலைவர் வரவேற்றார். தலைவரை இன்னொருவர் வரவேற்றார். போன மாதம் காலமான முன்னாள் உறுப்பினர் ஒருவருக்காக எழுந்து நின்றார்கள். போன கூட்டத்தின் முடிவுகளை வாசித்து, அதில் ஒரு காற்புள்ளியைப் பற்றி வாக்குவாதம் நடந்தது. கடைசியில் "இப்போது ஐஸைப் பரிசீலிப்போம்" என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது ட்ரேயில் தண்ணீர்தான் இருந்தது. அதுவும் வழிந்து ஒரு ஃபைலை நனைத்திருந்தது.

ஐஸ் கரையும் தன்மை உடையது என்று கமிட்டி கண்டுபிடித்தது.

சுயம்பு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அனந்தநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார். "வாங்கின சாமான்ல மிச்சத்தை ஸ்டோர்ஸ்ல திருப்பி ஒப்படைக்கணும். மிச்சம் எங்கே?"

"தண்ணியாப் போச்சு சார்."

"தண்ணி எங்கே?"

"தொடச்சிட்டேன் சார்."

"யாரைக் கேட்டுத் தொடச்சே?"

சுயம்பு துணியைப் பக்கெட்டில் பிழிந்து ஸ்டோருக்குக் கொண்டுபோனான். எடை குறைகிறது என்று ஸ்டோர்க்காரர் வாங்க மறுத்துவிட்டார். பக்கெட்டோடு திரும்பி வந்தவனை நிறுத்திவைத்து அனந்தநாராயணன் பொறுமையாக விளக்கினார். மனுஷர் கெட்டவர் இல்லை. புரியவைத்துவிட்டால் வருத்தம் இருக்காது என்று நம்புகிறவர்.

"இந்த ஆபீஸ்ல ஐட்டம் ரெண்டே ரெண்டு வகைதான். ஒண்ணு நிரந்தரம். மேஜை, நாற்காலி, ஃபேன். நம்பரைப் பெயிண்ட்ல எழுதிட்டா அது நம்மளோடது. அதுக்கு வருஷா வருஷம் மெயின்டனன்ஸ் உண்டு. ரெண்டாவது, கரையறது. சோப்பு, பினாயில், ஐஸ், கேஷுவல் லேபர். இதெல்லாம் ஒரே தலைப்புல செலவு எழுதறோம். கரைஞ்சுபோற சாமானுக்கு எவனும் பொறுப்பேத்துக்க முடியாது பாரு. தப்பா எடுத்துக்காதே, உன்னைச் சொல்லலை. தலைப்பைச் சொல்றேன்."

"புரியுது சார்" என்றான் சுயம்பு. பக்கெட்டை எங்கே வைப்பது என்றுதான் அவனுக்குப் புரியவில்லை.

மூன்றாவது கூட்டத்துக்குக் கோட்டைப் பக்கத்துக் கடையிலிருந்து ஃப்ரிட்ஜே வந்துவிட்டது. ஆகாச நீலத்தில், ஒரு டிரங்குப் பெட்டி அளவு. மூடியைத் திறந்தால் உள்ளே குட்டி பல்ப் எரிந்தது. ஆபீசர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைச் சுயம்பு சம்பள நாளில்கூடப் பார்த்ததில்லை. ஒவ்வொருவராக வந்து திறந்து பார்த்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். மூடின பிறகும் பல்ப் எரிகிறதா, அணைகிறதா என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. அதை உறுதி செய்யாமல் வாங்க முடியாது என்று ஒரு சாரார் சொல்ல, சுயம்புவை மண்டிபோட வைத்து, மூடியை மெல்ல மெல்லச் சாத்தி, இடுக்கு வழியாக அவனைப் பார்க்கச் சொன்னார்கள். "அணையுது சார்" என்றான். சரியாகப் பார்த்தாயா என்று கேட்டு மறுபடியும் பார்க்க வைத்தார்கள்.

எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டே சுயம்பு ஒரு வார்த்தை கேட்டுவிட்டான். "ஆத்தங்கரையில கரண்ட் கெடையாதே சார்."

வேங்கடசுப்ரமணியன் கோபப்படவில்லை, சலித்துக்கொண்டார். "இதுதான்ப்பா. இந்த நெகட்டிவ் புத்திதான் உங்களையெல்லாம் டெம்பரரியாவே வெச்சிருக்கு."

பெட்டியோடு வந்திருந்த கடைக்காரன், இது வண்டி பேட்டரியிலும் ஓடும் என்று எடுத்துக்கொடுத்தான். ஆலைக்கு பஸ் இருக்கிறது, பஸ்ஸில் பேட்டரி இருக்கிறது. அனந்தநாராயணனும் கையைத் தூக்கினார். ஃப்ரிட்ஜ் கரையாது. அதில் நம்பர் எழுதலாம்.

வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். சக்கரம் இல்லாததால் நான்கு காலுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நசுங்காத பழத்தைச் சுயம்பு மிதித்துவிட்டான். அப்புறம் நெற்றியில் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் எழுதி, பெட்டியை ஆலையின் நிரந்தர உடைமை ஆக்கினார்கள். வந்த அன்றைக்கே.

பஸ் டிரைவர் முகைதீன் சீத்தா கேம்ப் என்ற குடிசைப்பகுதியில் இருப்பவர், மேலப்பாளையத்துக்காரர். மே மாதம் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்த முதல் நாளே அவருக்கு உத்தரவு வந்தது: இஞ்சினை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும், ஃப்ரிட்ஜ் நின்றுவிடும்.

"பாத்தியாடே சுயம்பு" என்றார் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு. "வண்டி ஒரு அடி நவுராம நிக்குது. இஞ்சின் மட்டும் விடாம ஓடுது. கம்பெனியக் கூடவே கொண்டாந்துட்டாவ."

புகை நேராகக் கூடாரங்களுக்குள் போயிற்று. சுத்தமான காற்றுக்காக வந்திருந்த குடும்பங்கள் இருமிக்கொண்டு வெளியே வந்தன. காற்று வீசும் திசை கமிட்டியின் வரம்புக்குள் வராது என்று வேங்கடசுப்ரமணியன் விளக்கம் கொடுத்தார். மறுநாள் காலையில் ரேடியேட்டர் கொதித்து ஆவி பறந்தது. முகைதீன் இஞ்சினை அணைத்தார். மதியத்துக்குள் பேட்டரியும் படுத்துவிட்டது. சுயம்பு ஃப்ரிட்ஜைத் திறந்தான். பல்ப் எரியவில்லை. உள்ளே தயிர் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. சாயங்காலம் ஜி.எம். வருகிறார்.

வேங்கடசுப்ரமணியன் அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் தோள்பையைத் தட்டிக் காட்டினார். "உன் ஃபைல் இதுக்குள்ளேயே இருக்கு. அவர் ஒரு வாய் குடிச்சுட்டு நன்னாருக்குன்னு சொன்னா, அந்த நிமிஷமே கையெழுத்து. எப்படின்னு எங்கிட்டக் கேக்காதே. நான் பாக்கலை."

சுயம்பு முகைதீனிடம் ஓடினான். "பாய், ஐஸ் வாங்கியாந்துருவோம். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

முகைதீன் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த வழியாக வந்த ஒரு டெம்போவைக் கைகாட்டி நிறுத்தினார். கர்ஜத் சந்தையில் சுயம்பு கைக்காசைப் போட்டு, மரத்தூளும் சாக்கும் சுற்றிய ஐஸ் வாங்கினான். மடியில் வைத்துக்கொண்டே வந்ததில் தொடை மரத்துப்போயிற்று. கூடாரத்துக்குப் பின்னால் வைத்து உடைத்து, ஃப்ரிட்ஜுக்குள் அடி முழுக்க நிரப்பி, மேலே பாட்டில்களை அடுக்கி மூடினான். ஒயரை மட்டும் பஸ்ஸோடு சொருகியே வைத்தான், பார்க்கிறவர்களுக்காக. இத்தனை கூட்டம் நடந்த பிறகு அந்த ஃப்ரிட்ஜ் ஒரு ஐஸ் பெட்டியாகத்தான் வேலை செய்தது. வேலை செய்தது என்னவோ நிஜம்.

ஜி.எம். வந்தார், உட்கார்ந்தார். சுயம்பு ஜூஸை நீட்டினான்.

"ஏக்தம் தண்டா" என்றார் குல்கர்னி சாப், பல்லைத் தடவிக்கொண்டு. ஒரே ஜில் என்று அர்த்தம்.

எல்லாரும் கைதட்டினார்கள். சுயம்புவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தேவ்நார் ரூமில் குழாயடியில் பக்கெட் வைத்துக்கொண்டு ஆறுமுகத்தாய் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல ஒரு காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது. வேங்கடசுப்ரமணியன் எழுந்து பேசத் தொடங்கினார்.

"இந்தக் குளிர்ச்சிக்குப் பின்னால ஆறு மாச உழைப்பு இருக்கு. எங்க உழைப்பைச் சொல்லலை, பெட்டியைச் சொல்றேன். மனுஷன் லீவு கேப்பான், யூனியன்ல சேருவான், தப்புப் பண்ணுவான். இந்தப் பெட்டிக்கு அதெல்லாம் கெடையாது. இங்கே மனுஷக் கையே படலை. மாடர்ன் டெக்னாலஜி தன்னால பண்ணியிருக்கு. நான் ஒரு ஆபீசரா எவ்வளவோ காரியம் பண்ணியிருக்கேன். நான் ஒண்ணுமே பண்ணாம இவ்வளவு நன்னா முடிஞ்ச காரியம் இதுதான்."

மறுபடி கைதட்டல். அந்தச் சூட்டோடு சூடாகப் பையிலிருந்து ஃபைலை எடுத்து நீட்டினார். ஜி.எம். புரட்டினார். குளிர்ச்சிப் பணிக்கு ஒரு ஆளை நிரந்தரமாக்கச் சிபாரிசு. அவர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார், சுயம்புவைப் பார்த்தார். எல்லாவற்றையும் பெட்டியே தன்னால் செய்கிறதென்றால், அப்புறம் ஆள் எதற்கு என்று இந்தியில் கேட்டார். கேட்டதில் கோபமோ கிண்டலோ இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வேங்கடசுப்ரமணியன் கொஞ்சம் யோசித்தார். "கரெக்ட் சார்" என்றார். ஃபைல் பைக்குள் போயிற்று.

திங்கட்கிழமை சுயம்பு அவர் அறைக்குப் போனான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். "சார், ஃப்ரிட்ஜ் ஓடவே இல்ல. நான்தான் ஐஸ் வாங்கி உள்ள போட்டேன்."

"எனக்குத் தெரியாதாப்பா? என் கிளாஸ்ல மரத்தூள் மிதந்துதே. ஜி.எம். கிளாஸ்லயும் இருந்துது. அவர் அதை எடுத்துப் பாத்துட்டு, ஃபாரின் ஐட்டம், ஏதோ ஃபைபர்னார். நானும் ஆமான்னுட்டேன்."

"அப்ப நீங்களே ஒரு வார்த்த சொன்னா..."

"என்னன்னு சொல்றது? கமிட்டி ஏகமனதா வாங்கின பெட்டி ஓடலைன்னா? அனந்தநாராயணன் என்ன கேப்பார் தெரியுமா? கரையற சாமானை நிரந்தர சாமானுக்குள்ளே யார் பெர்மிஷன்ல வெச்சேன்னு கேப்பார். என்கொயரி வரும். டெம்பரரிக்கு என்கொயரின்னா என்னன்னு உனக்கே தெரியும். ஒரு கமிட்டிகூடப் போட மாட்டா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இவ்வளவு நன்னாப் பண்ணியிருக்கக் கூடாதுப்பா நீ. கொஞ்சம் வெதவெதன்னு இருந்திருந்தா, ஒரு ஆள் வேணும் சார்னு நானே கேட்டிருப்பேன்."

சுயம்பு வெளியே வந்து கேன்டீன் சுவரில் சாய்ந்து நின்றான். அழுகை வருமோ என்று பார்த்தான், வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. டீக்கு மணி அடித்தது, உள்ளே போனான்.

விஷயம் இதோடு முடியவில்லை. முகாம் முடிந்துவிட்டது, ஃப்ரிட்ஜை எங்கே வைப்பது? ஸ்டோரில் எலி. ஆபீஸில் வைத்தால் ஒவ்வொரு ஆபீசரும் தன் டிபனை உள்ளே வைக்கிறார். நிரந்தர உடைமைக்கு நிரந்தர இடம் கொடுக்க வேண்டும் என்று அனந்தநாராயணன் விதியை எடுத்துக் காட்டினார். கமிட்டி இரண்டே கூட்டத்தில் முடிவெடுத்தது. தேவ்நார் காலனியில் கீழ்த்தளத்து ரூம் காலியாக இருந்ததால் அது ஃப்ரிட்ஜுக்கு ஒதுக்கப்பட்டது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தவன் சுயம்பு. ஓடாமல் கிடந்தால் கெட்டுப்போகும், வாரத்தில் ஒரு நாள் போய்த் தூசி தட்டி, பிளக்கைச் சொருகிச் சற்று நேரம் ஓட்டிவிட்டு வா என்று அவனிடமே சாவியைக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்கு முடிந்தது.

வீட்டில் சொன்னபோது ஆறுமுகத்தாய் கத்தவில்லை. "அந்த ரூம நானும் ஒரு தடவ பாத்துக்கிடுதேன். கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

வயிற்றைத் தாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தாள். உள்ளே நுழைந்து சுவரைத் தொட்டுப் பார்த்தாள். குழாயைத் திருகினாள். தண்ணீர் கொட்டியது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மூடினாள். சுயம்பு ஃப்ரிட்ஜைத் துடைத்தான். அவள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, யாரும் கேட்காமலே, ரூமைப் பெருக்கித் தண்ணீர் விட்டுக் கழுவினாள். குனிய முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து கழுவினாள்.

பக்கத்து ரூம்காரி வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். பேச்சைக் கேட்டால் நம் ஊர்ப்பக்கத்துக்காரி போலிருந்தது.

"புதுசாக் குடிவந்திருக்கியளா? நல்லதாப் போச்சு. எத்தன நாளா இந்த ரூம் சும்மாவே கெடந்துது."

ஆறுமுகத்தாய் தரையில் கையை ஊன்றி மெல்ல எழுந்தாள்.

"இல்லக்கா. இங்க ஒரு பெட்டி குடியிருக்கு. அதுக்கு வீடு தொடைக்க வந்தோம்."